எல்பர்ட் ப்ரூயிட்டின் தோல்விக் கோடுகள்

மில்பர்னில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடியும்வரை சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை. அன்று கல்லூரி ஃபுட்பால் ஆட்டம், கல்யாணம் வைத்தால் ஆள் வராது, அவ்வளவுதான். சாவு விழுந்தால்கூட அடக்கத்தை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிவிடுவார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த மூன்று மாதத்தில் சனிக்கிழமை எடுக்கும் ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் 'ஆட்டம்' என்று ஒரு வார்த்தை எழுதிவைப்பேன். எங்கள் டாக்டருக்கு அது போதும்.

1997இல் நான் பார்த்துக்கொண்டவர் எல்பர்ட் ப்ரூயிட். எழுபத்தாறு வயது. முப்பத்தெட்டு ஆண்டுகள் மலையடிவாரச் சாலைகளில் தபால் கொண்டுபோய்ப் போட்டவர். மனைவி நடீன் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை முழுவதும் போயிற்று, இடது கால் பாதி போயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் தப்பித்துவிட்டது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அந்த வாயோடு நான் இருந்தேன்.

அவருடைய ஒரே மகள் ஜனெல், பள்ளிக்கூடச் சமையலறையின் பொறுப்பாளர். அம்மாவைப் பார்த்துக்கொண்டு, பிறகு அப்பாவைப் பார்த்துக்கொண்டு, நாற்பத்து மூன்று வயதில் முதல் கல்யாணத்துக்குத் தயாரானாள். மாப்பிள்ளை ராய்ஸ் டாக்கெட், மனைவியை இழந்தவர், சாதுவான ஆள். கல்லூரி ஃபுட்பால் அணியின் தலைக்கவசங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிப்போகும் பெரிய டிரக்கை ஓட்டுபவர். அணி எங்கே போகிறதோ, அதற்கு ஒரு நாள் முன்னதாக டிரக் அங்கே போகவேண்டும். அதனால்தான் ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் ஜனெல் காலண்டரைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"டாடி, டிசம்பர் ஆறு சனிக்கிழமை. சத்தியமாச் சொல்லுங்க. நம்ம பசங்க அன்னிக்கு இறுதி ஆட்டத்துக்குப் போக வாய்ப்பிருக்கா?"

"போகலாமே. டிக்கெட் வாங்கிட்டுப் போய் உக்காந்து பாக்கலாம்."

"விளையாட்டில்ல டாடி. டிரக் போனா ராய்ஸ் போகணும். மாப்பிள்ளை இல்லாம நான் மட்டும் போய் நிக்க முடியாது."

எல்பர்ட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இதில் அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. பத்துக் கல்லூரிகள் சேர்ந்தது எங்கள் கான்ஃபரன்ஸ். ஆளுக்கு எட்டு ஆட்டம். முதல் இரண்டு இடத்தில் வருபவர்கள் டிசம்பர் முதல் சனிக்கிழமை மாநிலத் தலைநகரில் மோதுவார்கள்.

"எட்டுல ஆறு ஜெயிக்கணும். அஞ்சு வருஷமா இந்த இறுதி ஆட்டம் நடக்குது. அஞ்சு ஜெயிச்சிட்டு உள்ள போனவன் ஒருத்தன்கூட இல்ல. நம்ம ஆளுங்க போன வருஷம் ரெண்டு, அதுக்கு முந்தி மூணு. நீ தைரியமா கேக்குக்குச் சொல்லு."

"எழுதிக் குடுங்க."

"பெத்த அப்பன் வார்த்தையில நம்பிக்கையில்லையா?"

"நான் பொறந்த அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பாதி ஆட்டத்துல எழுந்து ஓடி வந்தேனே!"

"பதினாறு பாயின்ட் பின்னாடி இருந்தாங்க, அதனால வந்தீங்க. எழுதுங்க."

விதைக் கடை விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரதர் ஹாலிஸ் என்ற எங்கள் போதகர் டிசம்பர் ஆறாம் தேதி மாலை நாலு மணியை ஜனெல் பெயரில் குறித்துக்கொண்டார்.

எல்பர்ட் கணக்கு வைக்கும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள். பத்துக் கல்லூரிகளின் பெயர்கள். கான்ஃபரன்ஸுக்குள் எவன் தோற்றாலும் அவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு. வெற்றிக்கு ஒன்றும் கிடையாது.

"ஜெயிச்சத எல்லாரும் எண்ணுவாங்க மிஸ் ஓபல். தோத்தத எண்ணுறவனுக்குத்தான் முடிவு முன்கூட்டியே தெரியும். மூணு கோடு விழுந்தா அவன் கதை முடிஞ்சுது," என்பார் என்னிடம்.

அதே கதவில் அவர் குடித்ததையும் கழித்ததையும் நான் குறிக்கும் அட்டவணை தொங்கியது. உள்ளே போவது, வெளியே வருவது இரண்டையும் நான் எழுதியாகவேண்டும், இல்லாவிட்டால் மேற்பார்வை நர்ஸ் திட்டுவாள். அவருக்கு அப்படி மேற்பார்வையாளர் யாரும் இல்லை.

செப்டம்பரில் முதல் ஆட்டத்தை மில்பர்ன் தோற்றது. அப்பாவும் மகளும் நிம்மதியாகப் பன்றிக்கறியும் சோளரொட்டியும் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் ஜெயித்தது. அதற்கடுத்த வாரமும் ஜெயித்தது. அக்டோபரில் ரிட்ஜ்போர்ட்டிடம் தோற்று இரண்டாவது கோடு விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பையன்கள் தோற்பதை நிறுத்திவிட்டார்கள்.

எல்பர்ட்டால் உட்கார முடியவில்லை. வானொலிப் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் இடையே வாக்கரோடு தட்டுத் தட்டென்று போவார், வருவார். மில்பர்ன் பாயின்ட் எடுத்தால் நல்ல கையால் தொடையில் அடிப்பார். அடித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிடும், காலண்டரைப் பார்ப்பார். 1958க்குப் பிறகு அந்த அணி எந்தக் கோப்பையையும் ஜெயித்ததில்லை. ஜெயிக்கவேண்டும் என்று ஒரு பக்கம், இப்போது வேண்டாமே என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் என்னிடம் எரிந்து விழுவார்.

"இந்த முட்டையில உப்பே இல்ல."

"இருக்காது. டாக்டர் சொல்லியிருக்கார்."

"டாக்டர் எந்த ஊர்?"

"ரிட்ஜ்போர்ட்."

"அதானே பாத்தேன்."

அக்டோபர் கடைசியில் அந்த டாக்டர்தான் அவர் கழுத்து ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்த்தார். முக்கால்வாசி அடைத்திருந்தது. டிசம்பர் எட்டு, திங்கட்கிழமை காலை, தலைநகர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. அதைத் தள்ளிப்போடக் கூடாது. செய்யும்போதே இன்னொரு பக்கவாதம் வரவும் வாய்ப்புண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எல்பர்ட் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆறாம் தேதி என் பொண்ணு கையப் பிடிச்சு நடக்கலாமா?"

"நடக்க முடிஞ்சா நடங்க."

எங்கள் பக்கம் பெண்ணைப் பெற்றவன் அவளைக் கையில் பிடித்து ஆலய வாசலிலிருந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடத்திக்கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கவேண்டும். வாக்கரைத் தள்ளிக்கொண்டு அதைச் செய்ய அவருக்கு விருப்பமில்லை. நான் டேப் எடுத்துப்போய் அந்தப் பாதையை அளந்தேன். முப்பத்தெட்டு அடி. வீட்டுக் கூடத்தில் அதே முப்பத்தெட்டு அடிக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, நான்குகால் ஊன்றுகோலை வலது கையில் கொடுத்து, அவர் இடுப்பில் பட்டை கட்டிப் பின்னால் நான் பிடித்துக்கொண்டு, தினம் நான்கு முறை நடக்கவைத்தேன். முதல் வாரம் பன்னிரண்டு அடி. நவம்பர் நடுவில் முப்பது. கடைசி எட்டு அடி வரவே மாட்டேன் என்றது.

நவம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை. மில்பர்ன் தன் எட்டாவது கான்ஃபரன்ஸ் ஆட்டத்தை ஜெயித்தது. ஆறு வெற்றி, இரண்டு தோல்வி. அடுத்த சனிக்கிழமை மில்பர்னுக்கு கான்ஃபரன்ஸில் சேராத அணியோடு ஒரு வெளி ஆட்டம் மட்டும் பாக்கி, அது கணக்கில் சேராது. எல்பர்ட் வாக்கரோடு குளிர்சாதனப் பெட்டிக்குப் போய் நின்றார். டாலிவருக்கு ஒரு கோடும் இல்லை. மில்பர்னுக்கு இரண்டு. ரிட்ஜ்போர்ட்டுக்கு மூன்று. மற்றவர்களுக்கெல்லாம் நான்கும் ஐந்தும்.

"முடிஞ்சுது," என்றார். "டாலிவரும் நாமளும். எவனாலயும் மாத்த முடியாது."

அவர் கண்ணில் நீர் வந்தது. எதற்காக வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ராய்ஸிடம் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெளிந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த அணியில் இறுதி ஆட்டம் என்ற சொல்லை உச்சரித்தவன் மைதானத்தைப் பத்து முறை சுற்றி ஓடவேண்டும் என்பது பயிற்சியாளரின் விதி. டிரக் ஓட்டுபவருக்கும் அந்த விதி உண்டு. ராய்ஸ் வாயைத் திறக்கவில்லை. "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஊர்ப் பத்திரிகை வியாழக்கிழமைதான் வரும். ஊர் வானொலி ஞாயிறன்று பிரசங்கம் மட்டும் போடும், திங்களன்று எல்பர்ட்டுக்கே போன் செய்து நிலவரம் கேட்கும்.

அன்று மாலையே எல்பர்ட் பிரதர் ஹாலிஸைக் கூப்பிட்டுத் தேதியை விட்டுக்கொடுத்தார். ஞாயிறு காலை ஆலயத்தில் அறிவித்தார்கள்: ஜனெல் கல்யாணம் ஜனவரி பத்துக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் ஆறாம் தேதி சனிக்கிழமை முழுவதையும் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகைக்குக் கொடுத்தாயிற்று. ஜனங்கள் கைதட்டினார்கள். கல்யாணத்துக்கு இல்லை, மில்பர்னுக்கு.

திரும்பும் வழியில் காரில் ஜனெல் கேட்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஜனவரியில நடந்துடுவீங்களா டாடி?"

"நடக்கிறதா? ஓடுவேன். நீ என்னைப் பிடிக்க முடியாம கவுனைத் தூக்கிட்டு வருவ பாரு."

நான் பின்சீட்டில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது என் தப்பு.

செவ்வாய்க்கிழமை கால் நகம் வெட்டும் நாள். போன வியாழக்கிழமைப் பத்திரிகையைத் தரையில் விரித்து அவர் பாதத்தை அதன்மேல் வைத்தேன். பக்கவாதம் வந்த காலின் நகத்தைக் கவனமாக வெட்டவேண்டும், தோல் கிழிந்தால் ஆறாது. குனிந்தபடி வெட்டும்போது பெருவிரலுக்குப் பக்கத்தில் கான்ஃபரன்ஸ் நிலவரம் என்று சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. ரிட்ஜ்போர்ட்: நான்கு வெற்றி, இரண்டு தோல்வி.

"மிஸ்டர் எல்பர்ட், ரிட்ஜ்போர்ட் போன சனிக்கிழமை ஜெயிச்சானா, தோத்தானா?"

"ஜெயிச்சான். அதனால என்ன? மூணு கோடு ஏற்கெனவே விழுந்தாச்சு."

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்த பேப்பர்ல ரெண்டு தோல்வின்னு போட்டிருக்கான்."

"அச்சுப்பிழை. அந்தப் பேப்பர்காரன் என் பேரையே மூணு விதமா போடுவான்."

"உங்க மூணு கோடும் எந்தெந்த ஆட்டம்?"

சொன்னார். செப்டம்பர் பதின்மூன்று ஆஷ்டனிடம். அக்டோபரில் டெக்கரிடம். நவம்பர் முதல் தேதி வெய்னிடம். ரிட்ஜ்போர்ட் ஜெயித்தவற்றையும் எண்ணச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே நல்ல கை விரல்களால் எண்ணினார். ஐந்து.

"அஞ்சும் மூணும் எட்டு," என்றேன். "இந்தச் சனிக்கிழமை ரிட்ஜ்போர்ட்டுக்கு ஆட்டம் இருக்கா?"

"டாலிவரோட."

"அப்போ ஒம்பது ஆகுதே. ஆளுக்கு எட்டுன்னீங்க?"

நகவெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். வெயிலில் நின்றவர்போல் வியர்த்திருந்தது. தொலைபேசியை எடுத்துக்கொடுக்கச் சொன்னார். கான்ஃபரன்ஸ் அலுவலக எண் அவருக்கு மனப்பாடம். ஓர் இளம்பெண் எடுத்தாள். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"ஆஷ்டன் ஆட்டமாங்க ஐயா? அது கணக்குல வராதுங்க. ரிட்ஜ்போர்ட்டோட ஆட வேண்டிய வெளியூர் அணி கடைசி நேரத்துல வரலன்னுட்டாங்க, அதுக்குப் பதிலா ஆஷ்டன் வந்து ஆடினாங்க. ரெண்டு பேரும் நம்ம கான்ஃபரன்ஸ்தான், ஆனா அந்த ஆட்டம் வெளி ஆட்டமாத்தான் பதிவாயிருக்கு."

"அப்போ ரிட்ஜ்போர்ட்டுக்கு அஞ்சு வெற்றி, ரெண்டு தோல்வியா?"

"ஆமாங்க ஐயா. இந்தச் சனிக்கிழமை டாலிவர ஜெயிச்சா ஆறுக்கு ரெண்டு. மில்பர்னும் ஆறுக்கு ரெண்டு. சமமா வந்தா அவங்களுக்குள்ள ஆடினதுல ஜெயிச்சவங்க போவாங்க."

அவர்களுக்குள் ஆடியதில் ஜெயித்தது ரிட்ஜ்போர்ட். எல்பர்ட் நன்றி சொல்லி வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மிஸ் ஓபல், இது நமக்குள்ள இருக்கட்டும்."

"இருக்காது."

"கேளுங்க. டாலிவர் இந்த வருஷம் ஒருத்தன்கிட்டயும் தோக்கல. ரிட்ஜ்போர்ட்டைக் கசக்கிப் போட்டுடுவான். அப்போ நாமதானே போறோம்? நான் சொன்னது அப்படியே நிக்குமே? எதுக்கு வீணா அந்தப் புள்ளையப் பதற வைக்கணும்?"

"டாலிவர் ஏற்கெனவே உள்ள போயாச்சு. தோத்தாலும் முதல் இடம்தான். நல்ல ஆட்டக்காரங்கள அந்தக் கோச் இந்த வாரம் எதுக்கு இறக்குவான்? அடிபட்டா அடுத்த வாரத்துக்கு யார் இருக்கா?"

முறைத்தார். "இந்த ஆட்டமே புரியாதுன்னு சொல்லுவீங்க."

"முப்பது வருஷமா ஆட்டம் பாக்கிறவங்களுக்குக் கால் கழுவுறேன். சாயங்காலம் அஞ்சரைக்கு ஜனெல் வருவா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ரத்த அழுத்தம் நூற்று எழுபத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. சனிக்கிழமை இல்லை, அதனால் பக்கத்தில் எதுவும் எழுதாமல் டாக்டரின் நர்ஸுக்குப் போன் செய்து, மாத்திரையை அரை மணி முன்னதாகக் கொடுத்தேன். அன்று பூராவும் அவர் உட்காரவில்லை. சமையலறை, கூடம், ஜன்னல், மறுபடி சமையலறை. சுண்ணக்கட்டிக் கோட்டின்மேல் பதினொரு முறை போய்வந்தார். விழுந்துவிடுவார் என்று பட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஐந்தரைக்கு ஜனெல் வந்தாள். வியாழக்கிழமை நன்றியறிதல் நாள், ஊரே வான்கோழி விருந்து சாப்பிடும் நாள்; அதற்கு முந்தைய பரபரப்பு, இருநூறு பிள்ளைகளுக்கு வான்கோழி பரிமாறிவிட்டு ஏப்ரனோடு வந்திருந்தாள். எல்பர்ட் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஜனெல் கார்ச் சாவியை மேசைமேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"சனிக்கிழமை ரிட்ஜ்போர்ட் தோத்தா எனக்கு மாப்பிள்ளை இல்ல. ஜெயிச்சா சர்ச் இல்ல. அவ்வளவுதானே?"

"ஜனவரி இருக்கில்ல கண்ணு."

"ஜனவரியில நீங்க..." என்று ஆரம்பித்தவள் என் பக்கம் திரும்பினாள். "மிஸ் ஓபல், நீங்க சொல்லுங்க. இவர்கிட்ட கேட்டா ஓடுவேன்னுதான் சொல்வார்."

"ஜனவரியில உங்கப்பா நடப்பார்னு நான் சொல்ல மாட்டேன். நடக்க மாட்டார்னும் சொல்ல மாட்டேன். இப்போ முப்பது அடி நடக்கிறார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

எல்பர்ட் கோபமாக வாக்கரைத் தரையில் குத்தினார். "ரிட்ஜ்போர்ட் தோத்துடுவான்டி! நான் எழுதித் தரேன்..."

"எழுதாதீங்க!" ஜனெல் கத்தியதை அந்த வீட்டில் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். "நான் பொறந்தது ஆட்டத்துக்கு நடுவுல. அம்மாவை அடக்கம் பண்ணது ஆட்டத்துக்கு மறுநாள். என் கல்யாணத்துக்கு எவன் தோக்கணும்னு நான் ரேடியோ முன்னாடி உக்காந்து பாக்க மாட்டேன் டாடி. முடியாது."

சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து எண்ணைச் சுழற்றினாள்.

"பிரதர் ஹாலிஸ், ஜனெல் பேசறேன். நாளைக்குப் புதன்கிழமைச் சாப்பாட்டுக்கும் ஆராதனைக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும்?... இருபத்தஞ்சு நிமிஷமா? அதுல என்ன பண்ணுவாங்க?... காப்பிய அப்புறமா குடிக்கட்டும். எனக்குக் கல்யாணம் பண்ணி வைங்க."

அந்தப் பக்கத்தில் பிரதர் ஹாலிஸ் என்ன சொன்னார் என்று தெரியாது. ஜனெல் "கல்யாண லைசன்ஸ் வாங்கி ஒரு வாரம் ஆச்சு" என்றாள், "சொந்தக்காரங்க எப்படியும் வான்கோழி சாப்பிட நாளைக்கு வராங்க" என்றாள், "ராய்ஸ் டிரக் வெள்ளிக்கிழமை காலையிலதான் கிளம்புது" என்றாள். பிறகு வைத்துவிட்டு, ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஆறே முக்கால். மிஸ் ஓபல், என் கவுன் தையல்காரிகிட்ட ஊசி குத்தின நிலையில இருக்கு."

"கொண்டா. நான் மடிச்சுத் தைக்கிறேன்."

எல்பர்ட் மெல்லக் கேட்டார். "ராய்ஸ்கிட்ட கேக்க வேண்டாமா?"

"ராய்ஸ் நாளைக்கு எந்த ஊருக்கும் போகல. அவர்கிட்ட கேக்க வேண்டியது அது ஒண்ணுதான்."

மறுநாள் புதன்கிழமை. எங்கள் ஆலயத்தில் புதன்தோறும் கீழ்க் கூடத்தில் பொதுச் சாப்பாடு உண்டு. அன்று கோழிக்கறியில் மாவுருண்டை போட்டுச் செய்திருந்தார்கள், அவரை, சோளரொட்டி, சீஸ் போட்ட மக்ரோனி. மேலே கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்தபோதும் எல்லோர்மேலும் அந்தக் குழம்பு வாசனை. ராய்ஸின் கோட்டு சலவைக் கடையில் மாட்டிக்கொண்டது, கடைக்காரர் மனைவியின் ஊருக்குப் போயிருந்தார். ராய்ஸ் மில்பர்ன் அணியின் நீலச் சட்டையோடு நின்றார். பயிற்சியாளரும் ஏழெட்டுப் பையன்களும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எப்படிக் கேள்விப்பட்டார்களோ. இறுதி ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, எவனுக்கும் ஓட விருப்பமில்லை.

வாசலில் எல்பர்ட்டின் கோட்டுக்குள்ளே பட்டையைக் கட்டினேன். சக்கர நாற்காலியைக் கோட்டு மாட்டும் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவைத்தேன். ஜனெல் அவருடைய இடது பக்கம் நிற்கவேண்டும் என்று சொன்னேன். பலமில்லாத பக்கம் அதுதான். "முழங்கைக்குக் கீழ கை குடு. இழுக்காத, தூக்காத. அவர் நின்னா நீயும் நில்லு."

"விழுந்துட்டா?" என்றாள்.

"விழ விடமாட்டேன். பின்னால வரேன்."

"பொண்ணோட நர்ஸும் வரணுமா? பாக்கிறவன் என்ன நினைப்பான்?" என்றார் எல்பர்ட்.

"பூ தூக்கிட்டு வர்ற பொண்ணுன்னு நினைச்சுக்கட்டும்."

ஆர்கன் தொடங்கியது. ஊன்றுகோல், இடது கால், வலது கால். ஊன்றுகோல், இடது கால், வலது கால். நான் மனதுக்குள் அடி எண்ணிக்கொண்டே போனேன். பத்து. பதினைந்து. இரண்டு பக்கமும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். இருபத்து நான்காவது அடியில் இடது முழங்கால் உள்ளே மடங்கியது. பட்டையை இறுக்கினேன். ஜனெல் நின்றாள். ஆர்கன் வாசித்த பெண்ணும் நிறுத்திவிட்டாள், அதை அவள் செய்திருக்கக் கூடாது, அந்த அமைதியில் அவர் மூச்சு எல்லோருக்கும் கேட்டது. காதுகள் சிவந்துவிட்டன. நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

எல்பர்ட் ஊன்றுகோலை விட்டுக் கையை எடுத்தார். நான் பட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். உள்ளங்கையைத் தட்டையாக்கி, செயலிழந்த இடது கையின் விரல் நுனிமேல் அதை வைத்து, ஆட்டத்தில் இடைவேளை கேட்பவர்போல் டி எழுத்தைப் பிடித்துக் காட்டினார்.

"டைம் அவுட்," என்றார்.

முதலில் கடைசி பெஞ்சுப் பையன்கள் சிரித்தார்கள். பிறகு ஆலயமே சிரித்தது. பிரதர் ஹாலிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம்தான் எல்பர்ட்" என்றார். அந்த ஒரு நிமிடம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஜனெல் அழுதபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை முழங்கையின் கீழேயே சரியாக இருந்தது, பார்த்துக்கொண்டேன். பிறகு அவர் ஊன்றுகோலைப் பிடித்தார். முப்பது. முப்பத்து மூன்று. வீட்டில் ஒருநாளும் வராத அந்தக் கடைசி எட்டு அடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்ட மாவுருண்டையாக இருக்கலாம், அதில் உப்பு நிறைய. ராய்ஸின் கையில் மகளின் கையை வைத்துவிட்டு, முதல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கல்யாணம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. காப்பிக்கும் நேரம் இருந்தது.

சனிக்கிழமை டாலிவர் தன் முக்கியமான ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிட்டது. இருபதுக்குப் பதினேழு என்று ரிட்ஜ்போர்ட் ஜெயித்தது. எல்பர்ட் வானொலியை அடித்து நொறுக்கவில்லை. டாலிவர் கோச்சின் தாய் தகப்பனைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசினார். ஆறு வெற்றி, இரண்டு தோல்வி, ஐந்து ஆண்டுகளாக எவனுக்கும் போதுமாயிருந்தது, அந்த ஆண்டு மில்பர்னுக்குப் போதவில்லை. டிசம்பர் ஆறாம் தேதி டிரக் கொட்டகையிலேயே நின்றது. ராய்ஸும் ஜனெலும் அன்று வீட்டுக் கூரையின் இலைக் குப்பையை வாரினார்கள். ஆலயத்தில் பிள்ளைகள் ஆடுமாடு வேஷம் போட்டு ஒத்திகை பார்த்தார்கள்.

ஞாயிறன்று எல்பர்ட்டைத் தலைநகருக்குக் கூட்டிப்போனோம். திங்கள் காலை அறுவை சிகிச்சை. குழாய் நன்றாகத் திறந்துகொண்டது என்றார்கள். செவ்வாய் விடியும்போது இடது காலில் மிச்சமிருந்த பலமும் போயிருந்தது. டாக்டர் ஊசியால் பாதத்தைக் குத்திப் பார்த்தார். எல்பர்ட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், உணரவில்லை.

"மறுபடி நிப்பேனா?" என்று கேட்டார்.

"நிக்கறது கஷ்டம்தான் ஐயா."

அவர் தலையை ஆட்டினார். வெளியே தாழ்வாரத்தில் ஜனெல் சுவரில் சாய்ந்து நின்றாள். "ஜனவரின்னு விட்டிருந்தா..." என்றாள். மெஷினிலிருந்து ஒரு காப்பி எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பிறகு உள்ளே போனேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், நேரமாகிவிட்டது.